பட்ஜெட்டில் ‘துண்டு’ விழுவது எப்படி?



பட்ஜெட் வந்தாலே “இத்தனை கோடி துண்டு விழுது” என்று பேப்பரில் போடுகிறார்கள். துண்டு என்றால் வேறொன்றும் இல்லை. வரவு கம்மி, செலவு ஜாஸ்தி. நடுவில் உள்ள இடைவெளிதான் துண்டு. நோட்டு அச்சடித்துச் சமாளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கிடையாது. கடன்தான் வாங்கணும்.

இதில் 2 வகை உண்டு. சம்பளம், பென்ஷன், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாவிட்டால் அது வருவாய்ப் பற்றாக்குறை. பாலம், கட்டடம் என எல்லாச் செலவுக்கும் சேர்த்து எவ்வளவு கடன் தேவை என்பது நிதிப் பற்றாக்குறை. கடன் வாங்கி வீடு கட்டுவது வேற, கடன் வாங்கி அரிசி வாங்குவது வேற, இல்லையா?

சரி, கட்சிகளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தமிழ்நாட்டையே பார்ப்போம்.

2001-ல் வந்த அ.தி.மு.க. அரசு, நிதிநிலை மோசம் என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பிறகு அரசு ஊழியர் சலுகைகளைக் குறைத்தது. 2003-ல் விவசாயிகளின் இலவச மின்சாரத்தை நிறுத்தியது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அக்கட்சிக்குக் கிடைக்கவில்லை. உடனே இலவச மின்சாரம் திரும்பி வந்தது!

2006-ல் தி.மு.க. ரேஷன் அரிசியைக் கிலோ 2 ரூபாய் ஆக்கியது; 2008-ல் 1 ரூபாய். 2011-ல் அ.தி.மு.க. இலவசமாகவே கொடுத்தது. சலுகையைக் கொடுப்பது சுலபம், திரும்ப எடுப்பதுதான் கஷ்டம்.

2021-ல் தி.மு.க. அரசும் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் சுமார் 2.63 லட்சம் ரூபாய் கடன் என்றது. அதே அரசு 2023-ல் 1 கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. வருஷத்துக்கு எவ்வளவு? பெருக்கிப் பாருங்க: 12,000 கோடிக்கு மேல்!

அப்போ இலவசமெல்லாம் தண்டமா? நான் அப்படி நினைக்கவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தது. கணக்குப்படி அது வெறும் அன்றாடச் செலவு. நம் ஆசிரியர்களின் சம்பளமும் அப்படித்தான்! ஆனால் அதன் பலன் ஒரு தலைமுறைக்கு நிற்கிறது. எனவே துண்டு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, எதனால் விழுந்தது என்றும் பார்க்கணும்.

அரசு விற்கும் கடன் பத்திரங்களில் பல 10 வருஷத் தவணை கொண்டவை. அதாவது, இன்று வாங்கும் கடனை அடைக்கும்போது நாம் வேலைக்குப் போய் வரி கட்டிக்கொண்டிருப்போம். அதனால் 18 வயதில் ஓட்டுப் போடப் போகும்போது, எந்தக் கட்சி எதைத் தருவதாகச் சொன்னாலும் 3 கேள்வி கேட்போம்:

எவ்வளவு செலவு?
பணம் எங்கிருந்து வரும்?
பலன் எத்தனை நாள் நிற்கும்?

– 11-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு