எருவும் சான்றும்

கட்டுத்தறியில் சேர்ந்த சாணமும் மாடுகள் தின்று கழித்த சோளத்தட்டும் எருக்குழியில் மக்கி, விதைப்புக்கு முன் மாட்டுவண்டிகளில் வயலுக்குச் செல்வது கொங்கு நாட்டு வேளாண்மையின் பழைய ஒழுங்கு. சொந்த எரு போதாத உழவர், அறுவடை முடிந்த நிலத்தில் செம்மறியாட்டுப் பட்டி போடச் செய்வார். ஆட்டுக்காரருக்குத் தவசமோ பணமோ கூலியாகக் கிடைக்கும். நிலத்துக்குப் புழுக்கையும் சிறுநீரும் கிடைக்கும். பட்டி இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எரு வயல் முழுவதும் சீராகப் பரவும். இவற்றுக்கு எந்த உரிமமும் தேவைப்படவில்லை. மாடு எது, அது தின்ற தீவனம் எது, எரு எத்தனை மாதம் மக்கியது என்பன யாவும் எருவை இடுபவர் நேரில் கண்டவை.

இன்று நிலை வேறு. உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்துவிட்டது. எரு, வெளியிலிருந்து வாங்கப்படும் பண்டமாகிவிட்டது. நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளிலிருந்தும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளிலிருந்தும் கோழி எரு லாரிகளில் வருகிறது. பொள்ளாச்சியின் கயிறு ஆலைகளிலிருந்து தென்னைநார்க் கழிவும், நகரக் குப்பையிலிருந்து மக்கிய உரமும் வருகின்றன. விற்பவரும் ஏற்றி வருபவரும் நிலத்துக்கு உரியவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். முகமறியாதவர் கொண்டுவரும் எருவை எதை வைத்து நம்புவது என்னும் வினா அப்போதுதான் எழுகிறது.

எரு இயற்கையானது, எனவே எவ்வளவு இட்டாலும் தீங்கில்லை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறானது என்பதை ஓர் எளிய கணக்கே காட்டிவிடும். தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடு உள்ளது. கோழி எருவில் அது 3 விழுக்காட்டை எட்டும். ஒரு ஹெக்டேருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் 12.5 டன் தொழு உரத்தின் வழியே நிலத்துக்குச் சேரும் தழைச்சத்து 62.5 கிலோ. அதே எடையில் கோழி எருவைக் கொட்டினால் சேர்வதோ 375 கிலோ. கோழி எருவிலுள்ள யூரிக் அமிலம் விரைவில் அம்மோனியாவாக மாறுவதால் இளம்பயிர் கருகுகிறது. பயிர் எடுத்துக்கொள்ளாமல் எஞ்சுவது நைட்ரேட்டாகி நீரில் கரைந்து கீழிறங்குகிறது. கொங்கு நாட்டின் பெரும்பகுதி பாறைப் பாங்கான நிலம். கிணறுகளில் ஊறும் நீர் பாறை வெடிப்புகளின் வழியே வருவது. நைட்ரேட்டும் அதே வழியில் வந்துசேரும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. அதை மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். வயலில் இட்ட எருவின் அளவு, அந்த வீட்டுத் தொட்டில் வரை செல்கிறது.

எருவின் அளவையும் விளைவையும் ஆராய்வதில் கோயம்புத்தூருக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1909-இல் நிலையான எருவிடு ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு பாத்திக்கு எருவே இடாமலும், மற்றொன்றுக்குத் தொழு உரம் மட்டும் இட்டும், வேறு சிலவற்றுக்கு வேதியுரங்களைத் தனித்தும் சேர்த்தும் இட்டும், ஆண்டுதோறும் அதே பாத்தியில் அதே முறையைத் தொடர்வதே அதன் இயல்பு. மண்ணின் மாற்றம் ஒரு பருவத்தில் தெரிவதன்று. அந்தக் கல்லூரியை உள்ளடக்கி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

உர வணிகத்தைக் கட்டுப்படுத்தும் மைய அரசின் ஆணை, இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் 1985-இல் பிறப்பிக்கப்பட்ட உரக்கட்டுப்பாட்டு ஆணையாகும். முதலில் வேதியுரங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இது, 2006-இல் அங்கக உரங்களையும் உயிர் உரங்களையும் தன்னுள் கொண்டது. நகரக் குப்பையுரத்துக்கு அது விதிக்கும் அளவுகள் கருதத்தக்கவை. கரிமமும் தழைச்சத்தும் 20-க்கு 1 என்னும் விகிதத்தை மிஞ்சலாகாது. மக்காத தென்னைநார்க் கழிவில் இவ்விகிதம் 100-க்கும் மேல் இருக்கும். அதை அப்படியே இட்டால் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தமக்கென எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். மேலும் ஒரு கிலோ குப்பையுரத்தில் ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டலாகாது. மின்கலமும் வண்ணப்பூச்சும் கலந்த நகரக் குப்பையைப் பொறுத்தவரை இவ்வரையறை வெறும் சம்பிரதாயம் அன்று.

உரம் விற்க விரும்புவோர் முன்னதாக வேளாண்மைத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். தமக்கு உரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆக்குநரிடமிருந்தோ மொத்த விற்பனையாளரிடமிருந்தோ ‘ஓ’ படிவத்தில் மூலச்சான்று காட்டுவதும் கட்டாயம். புதிதாகக் கடை தொடங்குவோருக்கு வேளாண்மை அல்லது வேதியியல் சார்ந்த கல்வியோ அதற்கெனத் தனியே வகுக்கப்பட்ட பயிற்சியோ வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பு அத்தகையது. ‘தேசி’ எனச் சுருக்கமாக வழங்கப்படுவது. வாரம் ஒரு நாளாக 48 வாரங்கள் நடைபெறும் இப்படிப்பில் 40 நாள் வகுப்பறையிலும் 8 நாள் வயல்வெளியிலும் கற்பிக்கப்படுகிறது. கடையை மூடாமலே கடைக்காரர் மாணவராகிறார். பயிருக்கு என்ன வேண்டும் என்று உழவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இவரிடம்தான் என்பதால், இந்த ஏற்பாடு பொருத்தமானதே.

மூட்டையில் அடைத்து விற்கப்படும் உரத்தில் சத்துகளின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். லாரியில் குவித்துக் கொண்டுவரப்படும் கோழி எருவில் அத்தகைய எழுத்து எதுவும் இல்லை. விலை பேசப்படுவது லோடு கணக்கில். ஈரம் மிகுந்திருந்தால் அதற்கும் சேர்த்தே உழவர் பணம் தருகிறார்.

இதனால் பெரிதும் இடர்ப்படுபவர் இயற்கை வேளாண்மைக்கு மாறும் உழவர். தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை 2007-இல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அது பின்பற்றும் தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிகளின்படி, வெளியிலிருந்து வாங்கும் எரு எங்கிருந்து வந்தது என்பது பதிவாக வேண்டும். கூண்டுகளில் அடைத்துத் தொழிற்சாலைபோல் நடத்தப்படும் பண்ணைகளின் எருவை அவ்விதிகள் ஏற்பதில்லை. ஆண்டுப் பயிருக்குக் குறைந்தது 2 ஆண்டும் தென்னை போன்ற நெடுங்காலப் பயிருக்கு 3 ஆண்டும் மாறுதல் காலமாகக் கடந்த பின்னரே முழுச் சான்று கிட்டும். விதிக்கு ஒவ்வாத எரு ஒரு முறை இடப்பட்டாலும் அந்தக் காலத்தை மீண்டும் முதலிலிருந்து எண்ண நேரிடலாம். காத்திருந்த ஆண்டுகளை ஒரு லோடு எரு அழித்துவிடும்.

ஏற்றிச் செல்பவருக்கே உரிமம் வேண்டும் என்னும் நிலை தமிழ்நாட்டில் ஒரு கழிவுக்கு உண்டு. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து உறிஞ்சப்படும் கசடே அது. ஊருக்கு வெளியே வயல்களிலும் ஓடைகளிலும் அதைத் திறந்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பதப்படுத்தாத கசடு சத்து மிக்கதுதான். ஆயினும் அதிலுள்ள உருளைப்புழு முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிரோடிருந்து கீரைக்கும் காய்க்கும் தாவும். 2014-இல் அரசு வெளியிட்ட கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிகளும் பின்னர் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் இவ்வண்டிகளுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமத்தை வேண்டுகின்றன. கசடைக் குறித்த நிலையத்திலேயே சேர்க்க வேண்டும். கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்தில் அத்தகைய சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. தொட்டிக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருப்பதால், உரிமம் என்பது தொழிலாளியின் உயிரைக் காப்பதற்கும் உரியதாகிறது.

பன்றிப் பண்ணைகள் மிகுந்த அமெரிக்காவின் ஐயோவா மாநிலம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. கூலிக்கு எருவை ஏற்றிச் சென்று பிறர் நிலத்தில் இடுபவர் அங்கே சான்று பெற்றவராக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் 3 மணி நேரப் பயிற்சியும் உண்டு. ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி இடுவது, சிந்தினால் என்ன செய்வது, ஒரு பரப்புக்கு எவ்வளவு தகும் என்பன அப்பயிற்சியில் இடம்பெறுகின்றன. கொங்கு நாட்டில் கோழி எருவை வயலில் பரப்புபவர் கூடை சுமக்கும் பெண் தொழிலாளியோ டிராக்டர் ஓட்டுநரோ ஆவார். எத்தனை கூடை போதும் என்று அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு நிலத்துக்கு உரியவரிடமே உள்ளது. வேளாண்மைத் துறை வழங்கும் மண்வள அட்டையில் அவருடைய நிலத்தின் தழைச்சத்து அளவு எழுதப்பட்டிருக்கிறது. லாரி வருவதற்கு முந்தைய நாள் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அது.