கடைசி வாங்குப் பிள்ளைகளும் ஆசிரியைகள் வாசிக்க வேண்டிய நூல்களும்

என் இளைய மகளுக்குச் சென்ற வருடம் ஆசிரியை நியமனம் கிடைத்தது. கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்தவள். கல்வி உளவியல், மதிப்பீட்டு முறைகள், வகுப்பறை முகாமைத்துவம் என்று பெட்டி நிறையக் குறிப்புகள் வைத்திருக்கிறாள். ஆனாலும் முதல் மாதச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தவள், களைத்துப்போய் உட்கார்ந்து, “உம்மா, டீச்சர்மார் வாசிக்கிறதுக்கு நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன். நோட்ஸ் வேணாம், புத்தகம்” என்றாள்.

இருபத்தெட்டு வருடங்கள் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் உடனே பதில் வரவில்லை. அந்த இருபத்தெட்டு வருடங்களில் நான் வாசித்தவை எவை? பாடநூல், ஆசிரியர் கைந்நூல், சுற்றுநிருபம், பதவியுயர்வுப் பரீட்சைக்கான வழிகாட்டி. பிள்ளையின் பக்கத்திலிருந்து பாடசாலையைப் பார்க்கிற நூல்கள் என் கைக்கு வந்தது ஓய்வுக்குச் சற்று முன்னர்தான். அவை பிந்தி வந்ததால் ஏற்பட்ட நட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நட்டம் என்னுடையதல்ல, வேறொரு பிள்ளையுடையது.

1990களின் நடுப்பகுதியில் என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வாரத்தில் நான்கு நாள் பிந்தித்தான் வருவாள். வந்ததும் தூங்கி வழிவாள். நானும் விடவில்லை, வாசலில் நிற்கவைத்தேன். தேர்ச்சி அறிக்கையில், ‘ஒழுங்கில்லை, படிப்பில் அக்கறை போதாது’ என்று என் கையால் எழுதினேன். அந்த வருட முடிவோடு அவள் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பின்னர் ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய அயல்வீட்டுப் பெண்மணி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. உம்மா சவூதிக்கு வீட்டுப் பணிக்குப் போயிருக்கிறார். தம்பி, தங்கை இருவரையும் குளிக்கவைத்து, சோறு கொடுத்து, அவர்களின் பாடசாலையில் விட்டுவிட்டுத்தான் அந்தப் பிள்ளை என் வகுப்புக்கு ஓடி வந்திருக்கிறது. ஏன் பிந்துகிறாய் என்று நான் அவளை அதட்டியிருக்கிறேன். ஆனால் பதிலை எதிர்பார்த்து ஒரு நாளாவது கேட்டதில்லை.

ஆகவே மகளுக்கு நான் முதலில் சொன்னது ‘டோட்டோ சான்’. ஜப்பானியப் பெண்மணி தெட்சுகோ குரோயாநாகி தம் சிறுபராயத்தைப் பற்றி எழுதி 1981இல் வெளியிட்ட நூல் இது. நல்ல தமிழிலும் கிடைக்கிறது. முதலாம் வகுப்பிலேயே பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளை அவர். செய்த குற்றம் என்ன? மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடியது, ஜன்னலோரம் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூவி அழைத்தது! நம் வகுப்பறைகளில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தாய் செய்ததைக் கவனியுங்கள் சகோதரிகளே. உன்னை விலக்கிவிட்டார்கள் என்று அவர் பிள்ளையிடம் சொல்லவேயில்லை. புதிய பாடசாலையொன்றைப் பார்க்கப் போவோம் என்று மட்டும் சொன்னார். நடந்த உண்மை மகளுக்கு இருபது வயது கடந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் புதிய பாடசாலைதான் டோக்கியோவில் இருந்த டோமோயே. ஓட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்ட புகையிரதப் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள். அதிபர் சோசாகு கோபயாஷி, தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளை விரும்பியதையெல்லாம் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் தெரியுமா? நான்கு மணித்தியாலம்! கொட்டாவி விடவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

இன்னொரு சம்பவம். டோட்டோவின் பணப்பை மலசலகூடக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. பிள்ளை நீண்ட அகப்பையொன்றை எடுத்துவந்து, குழியிலிருந்ததை அள்ளி அள்ளி வெளியே குவித்துத் தேடுகிறது. அவ்வழியே வந்த அதிபர் என்ன செய்கிறாள் என்று விசாரித்தார். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பக் குழியில் போட்டுவிடுவாய்தானே என்று கேட்டுவிட்டு, தம்பாட்டில் போய்விட்டார். பணப்பை கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளை குவித்ததைத் தானே திரும்ப அள்ளிப் போட்டது. இதை நான் ஆசிரியைகள் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு தங்கச்சி மட்டும், “நானெண்டா அந்தப் பிள்ளைய அடிச்சிருப்பேன்” என்று மெதுவாகச் சொன்னார்.

டோமோயேயில் மொத்தமே ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள்தான் படித்தார்கள். நம் ஆசிரியைகளில் பலர் ஒரே அறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு மூச்சுத் திணறுகிறார்கள். நாற்பது பேருக்கும் நான்கு மணித்தியாலம் காதுகொடுக்க முடியுமா என்று கேட்டால் முடியாதுதான். நான்கு நிமிடம் முடியும். எனக்கு அந்த நான்கு நிமிடம் இருந்தது. அந்தப் பாடசாலை 1945இல் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலானது. அதிபர் 1963இல் காலமானார். அதை மீண்டும் கட்டியெழுப்ப அவரால் முடியவில்லை. விலக்கப்பட்ட அந்தச் சிறுமியோ ஜப்பானின் புகழ்பெற்ற தொலைக்காட்சிக் கலைஞராகி, 1984இல் யுனிசெஃப் நல்லெண்ணத் தூதுவராகவும் நியமிக்கப்பட்டார்.

இரண்டாவது நூல் சற்றுக் கசப்பானது. ஆசிரியைகளுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் பார்பியானா என்றொரு மலைக் கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் 1954இல் அங்கு அனுப்பப்பட்டார். அரசாங்கப் பாடசாலையில் தோற்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட கமக்காரப் பிள்ளைகளைச் சேர்த்து அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், வருடத்தில் 365 நாளும் வகுப்பு. (விடுமுறையே இல்லாத இந்தப் பாடசாலை மகளுக்குச் சற்றும் பிடிக்கவில்லை!) வளர்ந்த பிள்ளைகள் சிறியவர்களுக்குக் கற்பித்தார்கள். அப்பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோல்வியடையச் செய்த ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது. அடுத்த மாதமே மிலானி நாற்பத்து நான்கு வயதில் மரணமானார். தமிழில் இந்நூலுக்கு ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று பெயர்.

கடிதத்தில் வெறும் அழுகை இல்லை, கணக்கு இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் விழுந்தார்கள், விழுந்தவர்களின் தகப்பன்மார் என்ன தொழில் செய்தார்கள் என்று தேடி எடுத்து வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். வைத்தியரின் மகன் வகுப்புக்கு வரும்போதே வாசிக்கத் தெரிந்து வருகிறான். கமக்காரரின் மகன் மாட்டுத் தொழுவத்திலிருந்து வருகிறான். இருவருக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்துவிட்டு, நான் நீதியாக நடந்தேன் என்று ஆசிரியை நிம்மதியாக உறங்குகிறார் என்பதுதான் அவர்களின் குற்றச்சாட்டு. ரியூசனுக்குக் காசு கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளையும் முடியாத வீட்டுப் பிள்ளையும் ஒரே நாளில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நூலில் என் மனம் ஒப்பாத இடமும் உண்டு. ஆசிரியையைக் கல் நெஞ்சக்காரியாகவே காட்டுகிறார்கள். அவருக்கும் வீட்டில் உலை கொதித்திருக்கும் என்று அந்த விடலைகளுக்குத் தோன்றவில்லை! எழுதிய எட்டுப் பேரும் ஆண் பிள்ளைகள். கிராமத்துப் பெண் பிள்ளைகளைப் பெற்றோர் பெரும்பாலும் அனுப்பவில்லை என்பதைக் கடிதமே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் வாசித்து முடித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் ஏழாம் வகுப்புப் பிள்ளை எனக்குக் கடிதம் எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்?

மற்ற இரண்டு நூல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பகல் கனவு’ குஜராத்தியில் 1930களின் தொடக்கத்தில் கிஜுபாய் பதேகா எழுதியது. வழக்கறிஞராக இருந்தவர், தமக்கு மகன் பிறந்த பின் கல்வியின் பக்கம் திரும்பினார். பாவ்நகரில் 1920இல் சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் மீது அவர் கொண்ட பரிவைப் பார்த்து ‘மீசை வைத்த தாய்’ என்று ஊரார் அழைத்தார்கள். கதையில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்று, முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தப் பார்க்கிறார். பிள்ளைகள் கூச்சலிட்டுக் குழப்பிவிடுகிறார்கள். வெட்கத்தோடு வகுப்பைக் கலைத்துவிட்டு, மறுநாள் கதையோடு வருகிறார். தம் தோல்வியை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிற கல்வி நூல்கள் குறைவு. புதிதாக நியமனம் பெற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

அடுத்தது நியூஸிலாந்தைச் சேர்ந்த சில்வியா ஆஷ்டன் வார்னர் 1963இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘டீச்சர்’. மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர் அவர். வெள்ளைக்காரர் வீட்டை வைத்து எழுதிய வாசிப்புப் புத்தகங்கள் அக்குழந்தைகளின் மனத்தில் ஒட்டவில்லை. எனவே தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும், உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். பேய், அம்மா, முத்தம் என்று அச்சமும் அன்புமான சொற்களே வந்தன. மறுநாள் பிள்ளைக்கு அந்தச் சொல் நினைவில்லையென்றால் அது அதன் உள்ளத்துச் சொல் அல்லவென்று அட்டையை அகற்றிவிடுவார். மாதக்கணக்கில் சாதாரணச் சொற்களைப் படிக்க முடியாத குழந்தைகள் இந்தச் சொற்களை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டன.

வீட்டில் கொப்பி பார்க்கிற உம்மாமாரும் இதைச் செய்யலாம். பழைய கலண்டர் அட்டை போதும். மகள் தன் முதலாம் வகுப்பில் செய்து பார்த்தாள். இரண்டு தவணையாக ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் இடையில் தடுமாறிய ஒரு பையன் ‘யானை’ என்ற சொல்லைக் கேட்டானாம். முந்திய இரவு யானை வந்து அவர்களின் வேலியை முறித்திருக்கிறது. மறுநாளும் அதை வாசித்தான், அடுத்த வாரமும் வாசித்தான். ‘னை’ என்ற எழுத்துக்கு வகுப்பு இன்னும் வந்துசேரவில்லை!

கடைசியாக ஒரு கதை. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962இல் வெளியிட்ட ‘முதல் ஆசிரியர்’. 1924இல் ஒரு கிராமத்துக்கு வருகிற துய்ஷேன், தானே தட்டுத்தடுமாறி வாசிக்கிறவன். கைவிடப்பட்ட குதிரை லாயத்தைக் கூட்டித் துப்புரவாக்கிப் பள்ளிக்கூடமாக்குகிறான். உறைபனி ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தோளில் சுமக்கிறான். சோவியத் காலத்துப் பிரசாரம் கதையில் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அல்தினாய் என்ற அநாதைச் சிறுமியை அவளுடைய சிற்றன்னை ஒருவனுக்கு இரண்டாந்தாரமாக விற்றுவிடும்போது, அடிபட்டு முறிந்த கையோடு வந்து அவளை மீட்பவன் அவன்தான். பல வருடங்களின் பின் அவள் பெரும் கல்விமானாகி, ஊரில் புதிய பாடசாலையைத் திறந்துவைக்கும் விழாவுக்குப் பிரதம விருந்தினராக வருகிறாள். கிழவனான துய்ஷேன் அப்போது ஊர்த் தபால்காரன். வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே வராமலே போய்விடுகிறான். சபையோர் அவனைக் கேலி பேசிச் சிரிக்கிறார்கள்.

மகள் நூல்களைப் பையில் வைத்துக்கொண்டு, “அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்ப எங்க உம்மா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

போன தவணை விடுமுறையில் அவளுடைய மேசையில் ஒரு சிறிய கொப்பியைக் கண்டேன். பிந்தி வருகிற பிள்ளைகளின் பெயர்களும் நேரே காரணங்களும். பஸ் வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல். யானை. ஒரு பெயருக்கு நேரே மூன்று நாளும் ஒரே காரணம் எழுதியிருந்தது: உம்மா வெளிநாடு.