அலங்காநல்லூரில் நம்பர் ஒன் யாரு? ஒரு காளையில் கைநழுவிய கார்!

மதுரை: தை பிறந்தால் மதுரை டீக்கடைகளில் ஒரே பட்டிமன்றம்தான். அலங்காநல்லூர் வாடிவாசலில் நம்பர் ஒன் வீரர் கருப்பாயூரணி கார்த்தியா, பூவந்தி அபிசித்தரா?

2022-ல் 21 காளை பிடித்து கார்த்தி முதலிடம். 2023-ல் 26 காளையுடன் அபிசித்தர் முதலிடம். 2024-ல் கார்த்தி 18, அபிசித்தர் 17. ஒரே ஒரு காளையில் கார் கைநழுவியது. முடிவு பற்றி சர்ச்சையும் கிளம்பியது. 2025-ல் 20 காளை பிடித்து அபிசித்தர் மறுபடி முதலிடம். ஆக 4 வருஷத்தில் ஆளுக்கு 2.

'எல்லா வருஷத்தையும் கூட்டிப் பாரு, தெரிஞ்சுடும்' என்கிறது ஒரு கட்சி. அந்தக் கூட்டல் சரிப்படாது. வீரர்கள் குழு குழுவாக, சுற்று சுற்றாக இறங்குகிறார்கள். அதிகம் பிடித்தவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். யார் இறங்கும்போது எந்த மாடு வரும் என்பது அவரவர் ராசி. நின்று விளையாடும் காளையும் ஒண்ணுதான், நேரே ஓடிவிடும் காளையும் ஒண்ணுதான்.

பிடிக்கிறதுக்கும் கணக்கு உண்டு. திமிலை மட்டும்தான் பிடிக்கணும். 2017-ம் ஆண்டு விதிப்படி 15 மீட்டர் தூரம், அல்லது 30 விநாடி, அல்லது 3 துள்ளல். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது. கமிட்டியார் கண்ணில் பட்டதுதான் கணக்கு. ஒரு காளைக்கு இத்தனை சண்டை வருவது அதனால்தான்.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீசன் பட்டியல் கிடையாது. அந்தந்த ஊர் பரிசு அந்தந்த ஊரோடு சரி. அதுவரை டீக்கடை பட்டிமன்றத்துக்கும் தீர்ப்பு கிடையாது.