உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைப்பேறும் மனச்சோர்வும்

கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் பல மடங்கு உயர்கின்றன. பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாட்களிலேயே இரண்டும் சரிகின்றன. கார்ட்டிசால் எனும் மன அழுத்த ஹார்மோனின் சுரப்பும் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும்.

இந்தச் சரிவு எல்லாத் தாய்மார்களுக்கும் பொது. அப்படியானால் சிலரை மட்டும் மனச்சோர்வு ஏன் வாட்டுகிறது? அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், கர்ப்பமில்லாத 16 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் கொடுத்து, பிறகு நிறுத்தினார்கள். முன்பு பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை கணிசமாகக் குலைந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. ஹார்மோன் மாற்றத்தை ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு விதமாகத் தாங்குகிறது. ஆகவே பச்சை உடம்புக்காரியைப் பார்த்து 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்பது அநியாயம்.

புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் மூளையின் பதற்றத்தைத் தணிக்கும். அதைப் போலவே செயல்படும் ஜுரானோலோன் மாத்திரைக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான சிகிச்சையாக, 2023-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. 14 நாட்கள் சாப்பிட வேண்டிய மருந்து அது.

பிரசவமான முதல் சில நாட்களில் வரும் அழுகையும் படபடப்பும் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.