காருக்குள் தவில் ஒலிக்க எத்தனை வாட் வேண்டும்?

கல்யாண வீட்டு வாசலில் தவில் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள் எழுப்பும் ஒலி கணீரென்று காதில் விழும். இடப்பக்கத்துத் தொப்பியில் கழி விழும்போது பிறக்கும் ஒலியோ காதோடு நில்லாமல் நெஞ்சிலும் வந்து மோதும். அதே கச்சேரியின் ஒலிப்பதிவைக் காருக்குள் போட்டுக் கேளுங்கள். நாகசுரம் குறைவின்றிக் கேட்கிறது, வலந்தலையும் கேட்கிறது, தொப்பி மட்டும் எங்கோ மறைந்துவிடுகிறது.

இக்குறையைப் போக்கவே சப்-வூஃபர் எனப்படும் தாழ்சுர ஸ்பீக்கரையும், அதனை இயக்கத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயரையும் பலர் காரில் பொருத்துகின்றனர். இராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர், மூன்று மாதச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், ஆயிரம் வாட் போதுமா, இரண்டாயிரம் வேண்டுமா?" என்று கேட்டார். கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, தவறாகப் பொருத்தினால் கார் தீப்பிடிக்கவும் கூடும், செவியும் கெடும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஸ்பீக்கரைத் தமிழில் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. காரில் பயன்படும் சாதாரண ஸ்பீக்கருக்குள் நூறு வாட் மின்திறன் சென்றால், ஒலியாக வெளிவருவது ஒரு வாட் கூடத் தேறாது. மற்றதெல்லாம் அதன் கம்பிச்சுருளில் வெப்பமாகிப் போகிறது. பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபயரே. ஆகவே இக்கட்டுரையில் ஆம்ப்ளிஃபயரைப் 'பெருக்கி' என்றும், மற்றதை ஸ்பீக்கர் என்றுமே குறிப்பிடுவோம்.

தொப்பியின் ஒலி ஏன் மறைகிறது? காற்றில் ஒரே அளவு அழுத்த மாறுதலை உண்டாக்க, அதிர்வெண் பாதியாகக் குறையும்போது ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 200 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்று கொள்வோம். அதே வலிமையுடன் 50 ஹெர்ட்ஸ் ஒலியைத் தர 8 மில்லிமீட்டர் அசைய வேண்டும். காரின் கதவில் உள்ள சிறு ஸ்பீக்கருக்கு அவ்வளவு இடமில்லை. இதற்கு இரண்டே வழிகள் உண்டு. கூம்பின் பரப்பைப் பெரிதாக்கலாம். அல்லது நெடுந்தொலைவு அசையும்படி அதனை அமைக்கலாம். சப்-வூஃபரில் இரண்டும் செய்யப்படுகின்றன.

நம் காதும் இதில் ஒரு காரணம். 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர், வெவ்வேறு அதிர்வெண்களில் காது உணரும் உரப்பை அளந்து வெளியிட்டனர். பின்னர் திருத்தப்பட்ட அளவுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் உள்ள ஒலியும், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 78 டெசிபெல் உள்ள ஒலியும் நமக்கு ஒரே உரப்பாகத் தோன்றும். 38 டெசிபெல் வேறுபாடு என்பது திறனில் ஏறக்குறைய 6,300 மடங்கு! ஒலி வலுக்க வலுக்க இந்த இடைவெளி குறைகிறது. மெதுவாகப் பாட்டு வைத்தால் தாழ்சுரம் காணாமற் போவதும், உரக்க வைத்தால் திரும்பி வருவதும் இதனால்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைக்காட்டில் உள்ள யானைகள் இவ்வகையில் நம்மைவிடத் தேர்ந்தவை. ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளால் தம்முள் பேசிக்கொள்கின்றன என்று கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய தோழர்களும் 1986-இல் அறிவித்தனர். அவற்றுள் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாதவை. நல்ல வேளையாக, நாம் யானைக்குப் பாட்டு வைக்கவில்லை. 35 அல்லது 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் நமக்குப் போதும்.

இனி, காரின் உட்புறத்தைப் பார்ப்போம். நம் ஊரின் 35 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 352 மீட்டர். ஆகவே 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.8 மீட்டர். 20 ஹெர்ட்ஸில் இது 17.6 மீட்டர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தில் இத்தகைய அலைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உச்சியை நெருங்கிவிடும். காரின் உட்புற நீளமோ ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர்தான். இது அரை அலைநீளமாக அமைவது 64 ஹெர்ட்ஸில். அதற்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் காருக்குள் அலையாகப் பரவ இடமில்லை. அந்நிலையில் கார் முழுவதும் ஓர் அழுத்தக் கூண்டாகிவிடுகிறது. மிதிவண்டிப் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துவது போல, கூம்பு அசையும்போதெல்லாம் உள்ளே உள்ள காற்று முழுவதும் ஒருசேர நெருங்கித் தளர்கிறது. இதன் பயனாக, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும் 12 டெசிபெல் வரை இலவச ஆதாயம் கிடைக்கக்கூடும். தகடும் கண்ணாடியும் சற்றே நெளிந்து கொடுப்பதால் நடைமுறையில் இது குறையும்; ஆயினும் கணிசமான ஆதாயமே.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. திருமண மண்டபத்துக்கு வேண்டிய பதினைந்து அங்குல ஸ்பீக்கர் காருக்கு வேண்டுவதில்லை. சிறு காருக்கு எட்டு அல்லது பத்து அங்குலமே போதும். கதவைத் திறந்துவிட்டால் இந்த ஆதாயம் பறிபோகும் என்பது மற்றொன்று. அய்யனார் அருவிக்குச் செல்லும் இளைஞர்கள், எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துப் பாட்டுப் போடுகிறார்கள். தாழ்சுரம் குறைகிறதே என்று மேலும் திருகுகிறார்கள். எஞ்சின் ஓடாத நேரத்தில் 20 ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால், சிறு காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் வற்றிவிடும். ஸ்டார்ட்டர் அதற்கும் வெகு முன்னரே கைவிட்டுவிடும். பிறகு காரைத் தள்ளிவிட ஆள் தேட வேண்டியதுதான்.

ஸ்பீக்கருக்கு அடுத்தபடி பெட்டி. சொல்லப்போனால் பெட்டிதான் பாதி ஸ்பீக்கர். கூம்பு முன்னே நகர்ந்து காற்றை அழுத்தும்போது பின்புறத்தில் காற்று தளர்கிறது. பெட்டியில்லாமல் வைத்தால் இவ்விரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முழுதும் மூடிய பெட்டி, பின்புற ஒலியைச் சிறைப்படுத்துகிறது. குழாய் வைத்த பெட்டியோ அதனைப் பயன்படுத்திக்கொள்கிறது. வெறுங்குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் முழங்குகிறதல்லவா? அதே தத்துவம்தான். இத்தகைய பெட்டி தன் சுருதிக்கு அருகில் பலமாக ஒலிக்கும். அதற்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடிமானம் இல்லாமற் போவதால், அது கட்டுமீறி ஆடிப் பழுதாகக் கூடும். எல்லாப் பாட்டிலும் ஒரே 'தொம்' கேட்கும் கார்களை நாம் சாலையில் சந்திப்பது பெரும்பாலும் பொருத்தமில்லாத குழாய்ப் பெட்டியின் விளைவு. மூடிய பெட்டியே என் தேர்வு; கார் தரும் ஆதாயம் அதன் குறையை நிரப்பிவிடும்.

பெட்டியின் கன அளவைக் கண்மதிப்பில் விடலாகாது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும், ஸ்பீக்கரின் சில இயல்பெண்களைக் கொண்டே அதற்குரிய பெட்டியைக் கணக்கிடும் முறையை வகுத்தனர். தரமான சப்-வூஃபருடன் வரும் தாளில் இவ்வெண்களும், ஏற்ற கன அளவும் அச்சிடப்பட்டிருக்கும். தாள் இல்லாத பொருளை வாங்காதிருப்பதே நலம். பத்து அங்குல ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டி பெரும்பாலும் 20 முதல் 30 லிட்டர் கேட்கும். உள்ளளவு 40, 30, 22 சென்டிமீட்டர் என்றால் 26.4 லிட்டர், ஸ்பீக்கரின் காந்தம் அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்க. 18 மில்லிமீட்டர் பலகையும் பசையும் இருந்தால் உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். காற்று கசியாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

இப்போது வாட் கணக்குக்கு வருவோம். காரின் முன்புறத்து ஸ்டீரியோவில் '50 வாட் × 4' என்று எழுதியிருக்கும். இந்த ஐம்பது எங்கிருந்து வந்தது? எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ வர்க்கப்படுத்தி நான்கால் வகுத்தால் 51.8 வாட்! அதாவது, மின்னழுத்தம் முழுவதும் எந்நேரமும் ஸ்பீக்கரின்மேல் நின்றால் கிடைக்கும் எண் இது. அது இசையன்று, சதுர அலையின் இரைச்சல். சீரான சைன் அலைக்கு இதில் பாதி, 26 வாட். உள்ளிழப்புகள் போக 20 வாட் அளவில் நிற்கும். இதற்கு மேல் வேண்டுமானால் மின்னழுத்தத்தையே உயர்த்தியாக வேண்டும். தனிப் பெருக்கியின் உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்று அதைத்தான் செய்கிறது.

ஆனால் அதுவும் காற்றிலிருந்து திறனை எடுப்பதில்லை. பெருக்கியின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றிருந்தால், உள்ளே தொடர்ந்து செல்லக்கூடிய திறன் 14-ஐ 30-ஆல் பெருக்க, 420 வாட். 'டி' வகைப் பெருக்கியின் பயனுறு திறனை 80 விழுக்காடு எனக் கொண்டால் 336 வாட் வெளிவரும். பழைய 'ஏபி' வகையானால் 220 வாட் அளவே. கணநேர உச்சங்களை ஃபியூஸ் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆயினும் அட்டைப் பெட்டியில் '1,500 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் செருகியிருந்தால், அந்த எண்ணை விளம்பரமாக மட்டுமே கொள்க. நமக்கு வேண்டுவது 'ஆர்.எம்.எஸ்.' வாட் என்ற எண்.

திறன் இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காது அதைச் 'சற்றே கூடுதல்' என்றுதான் உணரும். ஒரு வாட்டுக்கு 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரை வாங்கினால், பெருக்கியின் திறனை இரட்டித்த பயன் தானாகவே கிடைக்கும். சிறு காருக்கு உண்மையான 150 வாட் தாராளம். ஸ்பீக்கரின் ஓம் அளவு, பெருக்கி தாங்கும் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரட்டைச் சுருள் உள்ள ஸ்பீக்கரில் இரு 4 ஓம் சுருள்களைப் பக்க இணைப்பில் பூட்டினால் 2 ஓம் ஆகும். தொடரிணைப்பில் 8 ஓம்.

இனிக் கம்பி. எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இது. ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் கம்பியில் மிச்சம் பிடிக்கிறார்கள். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் தொலைவு. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் அதன் மின்தடை 0.0215 ஓம். 40 ஆம்பியர் ஓடினால் 0.86 வோல்ட் வழியிலேயே இழந்து, 34 வாட் வெப்பம் தரைவிரிப்பின் அடியில் உண்டாகும். 20 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.17 வோல்ட்தான். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பியும் சந்தையில் உண்டு. ஓர் இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அதன் தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

இருக்கையின் இரும்பில் உரசிக் கம்பியின் உறை கிழிந்தால் என்னவாகும்? கார் பேட்டரி சில நூறு ஆம்பியர்களைக் கொட்ட வல்லது. 300 ஆம்பியர் என்று வைத்தாலும், அந்த 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஏறத்தாழ 1,900 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை விரிப்பின் கீழ் மூடிவைத்ததற்கு ஒப்பாகும். பெருக்கியில் உள்ள ஃபியூஸ் இங்கே உதவாது. மின்னோட்டம் அதுவரை செல்வதே இல்லை. ஆகையால் பேட்டரிக்கு அருகிலேயே, ஒன்றரை அடிக்குள், கம்பியின் தாங்குதிறனுக்கேற்ற ஃபியூஸ் ஒன்று இருந்தே தீர வேண்டும். என் மாணவரின் காரில் முன்னர் யாரோ பூட்டியிருந்த கம்பியைத் தூக்கிப் பார்த்தபோது, அதன் உறை ஓரிடத்தில் இளகி விரிப்போடு ஒட்டியிருந்தது. பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை. அவருடைய சேமிப்பில் முதல் செலவு கம்பிக்கே போயிற்று.

'ஒரு ஃபாரட்' மின்தேக்கியைச் சேர்த்தால் குறையெல்லாம் தீரும் என்பாரும் உளர். 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தருவது 26 ஜூல். 300 வாட் கேட்கும் பெருக்கிக்குப் பத்தில் ஒரு நொடிக்குக் கூடக் காணாது. அந்தப் பணத்துக்குத் தடித்த கம்பி வாங்கலாம்.

செவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம். இந்த அளவீட்டில் தாழ்சுரத்துக்கு மதிப்புக் குறைவு. ஆனால் தாழ்சுரத்தை ஏற்றுபவர் மற்றதையும் சேர்த்தே ஏற்றுகிறார். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். இருபது நிமிடமாவது ஆகும். ஊர் போய்ச் சேருமுன்பே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். நாள்தோறும் பல நடை ஓட்டுபவரின் காது என்னாவது?

வெளியே நிற்பவருக்கும் காது உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபெல்லே எல்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் என்பதை நினைவிற்கொள்க.

எல்லாம் பொருத்தியபின் செய்யக்கூடிய செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சப்-வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது மட்டும் செல்லுமாறு பெருக்கியின் வடிப்பானைத் திருகி, நன்கு பழகிய பாட்டு ஒன்றை மிதமாக வைத்து, கதவுகளை மூடி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேளுங்கள். பிறகு பெருக்கியை நிறுத்தி, சப்-வூஃபரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டி மீண்டும் கேளுங்கள். இரண்டில் எதில் தாழ்சுரம் நிறைவாக இருக்கிறதோ, அதில்தான் கதவு ஸ்பீக்கர்களும் சப்-வூஃபரும் ஒரே நேரத்தில் காற்றை அழுத்துகின்றன. மற்றதில் ஒன்று அழுத்தும்போது மற்றொன்று தளர்த்துகிறது. எத்தனை வாட் ஊற்றினாலும் அது நிறையாது.