குடலிறக்க வலையில் கிருமி புகுந்தால்

செம்பனைக் குலை சுமக்கும் நம் ஜொகூர்த் தோட்ட மக்களுக்குக் குடலிறக்கம் புதிய நோயன்று. வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில் குடல் பிதுங்குவதே இந்நோய். அவ்விடத்தை வெறும் தையலால் இழுத்து மூடினால் மீண்டும் விட்டுப்போவதுண்டு. ஆகவே, அமெரிக்க டாக்டர் பிரான்சிஸ் அஷர் செயற்கை இழை வலையைப் பதிக்கும் முறையை 1958-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1990-களிலிருந்து, சிறு துளைகளிட்டுக் குழாய்க் கருவிகள் வழியே வலை பதிக்கும் முறை பரவிற்று. இதில் காயம் சிறிது. கிருமித் தொற்றும் அரிது. ஆயினும், வந்துவிட்டால் எளிதில் விலகாது. காரணம் யாது?

கிருமியின் பருமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை விழுங்கும் காவல் அணுக்களோ பத்து மைக்ரானுக்கு மேற்பட்டவை. வலைக்கண் மிக நுண்ணியதாயின், எலி வளைக்குள் பூனை புக இயலாதது போல், காவல் அணு உள்ளே செல்ல முடியாது. மேலும், கிருமிகள் வலைமீது வழுவழுப்பான படலம் பரப்பி மருந்தையும் தடுக்கின்றன. ஆகவே, 75 மைக்ரானுக்கு மேற்பட்ட கண்களையுடைய பாலிபுரொப்பிலீன் வலையைச் சீழை வடித்து, தக்க மருந்து கொடுத்துப் பலமுறை காப்பாற்றிவிடலாம். நுண்கண் வலையைப் பெரும்பாலும் அகற்றவே நேரும்.

வீக்கமெல்லாம் சீழன்று. சிகிச்சைக்குப்பின் தேங்கும் தெளிநீர் பெரும்பாலும் தானே வற்றும். அதை வீணே ஊசியால் குத்தினால் கிருமி புகக்கூடும். சுரம், சிவப்பு, மிகும் நோவு ஆகியவையே எச்சரிக்கை.

இன்னொரு வகையும் உண்டு. சில வாரங்கள் கழித்து, சுரமின்றியே துளைக்காயம் கசியும். காசநோய்க் கிருமிக்கு உறவான, நீரில் வாழும் கிருமிகளின் வேலை இது. இந்திய மருத்துவமனையொன்றில் இத்தொற்றுப் பலருக்குப் பரவியதற்கு, மருந்திலிட்ட கருவிகளை அலசிய நீரே காரணமென 2006-இல் வெளியான அறிக்கை கூறிற்று. குளூட்டரால்டிஹைடு மருந்தில் 20 நிமிடம் ஊறினால் பெரும்பாலான கிருமிகள் மடியும். கிருமி வித்துகளும் மடியப் பத்து மணி நேரம் வேண்டும். பின்னர் தூய்மையற்ற நீரில் அலசினால் அத்தனையும் வீண். இக்கிருமிக்கு வழக்கமான மருந்து பயன்படாது. தனி மருந்துகளை மாதக்கணக்கில் உண்ண வேண்டும். வலையையும் எடுக்க நேரலாம்.

எங்கள் மாணவன் ஒருவனின் தந்தை, ஒருநாள் கூலி போகுமென அஞ்சி, கசிந்த காயத்தில் மஞ்சள் பூசி, வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை விழுங்கி இரண்டு மாதம் கடத்தினார். இறுதியில் வலையை எடுக்க வேண்டியதாயிற்று. சோதனைக்கு முன் மாத்திரை உண்டால், சீழில் உள்ள கிருமி இன்னதென்று கண்டறிவதும் கடினமாகும். காயம் கசிந்தால், மருந்து எதுவும் உண்ணாமல் அறுவை செய்த டாக்டரிடமே உடனே காட்டுக; பதித்த வலை எவ்வகை என்பதும் அவரிடமுள்ள குறிப்பிலேயே இருக்கும்.