கொழுந்துக் கூடையும் வெள்ளி விழாவும்

குந்தாரப்பள்ளிக் கூட்டு ரோட்டில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்த்தால், இவ்வட்டாரத்துக் குடும்பங்களின் நிலை விளங்கிவிடும். ஐந்தரை மணிக்கு ரோஜாத் தோட்டங்களின் வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஏழரை மணிக்கு ஓசூர்ப் பக்கமிருந்து வரும் கம்பெனிப் பேருந்து, இரவு ஷிப்டு முடித்த ஆண்களை அதே இடத்தில் இறக்கிவிடுகிறது. ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர், ஒரே புளியமரத்தடியில், இரண்டு மணி நேர இடைவெளியில் ஒருவரையொருவர் காணாமல் கடந்து போகிறார்கள். வெள்ளிக்கிழமையானால் சந்தைக்கு வரும் ஆடுமாடுகளின் நெரிசல் வேறு. "மாடுகளாவது சோடியாக வந்து சோடியாகப் போகின்றன, சாமி" என்று வேடிக்கையாகச் சொல்வார் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர்.

அப்படிப்பட்ட ஒரு தம்பதியரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். கணவர் ஓசூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டுகளிலும் மாறி மாறி உழைப்பவர். மனைவி பாலிதீன் கூடாரத்துக்குள் ரோஜா வளர்க்கும் தோட்டமொன்றில் மலர் கொய்பவர். இரவு ஷிப்டு வாரங்களில் அவர்களுடைய உரையாடல் முழுவதும் ஃபிரிஜின் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதங்களில் நடைபெறும். 'குழம்பு மேடைமேல் இருக்கிறது. பிரஷர் மாத்திரையை மறக்க வேண்டாம்.' 'கேஸ் வந்தது. பணம் கொடுத்தாயிற்று.' இருபத்தைந்து ஆண்டுகளில் இப்படி எத்தனை காகிதங்கள் எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். சண்டை என்று ஒன்றும் அவ்வீட்டில் இருந்ததில்லை. சண்டையிடுவதற்கும் நேரம் வேண்டுமல்லவா?

2024 ஏப்ரலில் அவர்களுடைய திருமண வெள்ளி விழா வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், பெற்றோரை இரண்டு இரவுகள் வெளியூர் விடுதியொன்றில் தங்க வைப்பதென்று முடிவு செய்து, இலங்கைக்கு விமானச் சீட்டும் எடுத்துவிட்டான். "அப்பா பிறந்த நாடு, சாமி. விடுதியும் ஒரு தினுசானது. பழைய தேயிலைத் தொழிற்சாலையை அப்படியே விடுதியாக மாற்றியிருக்கிறார்கள்" என்று நம்மிடம் வந்து சொன்னான். நமக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம். தொழிற்சாலையிலேயே உழன்று கிடக்கும் மனிதரை, வெள்ளி விழாவுக்கென்று இன்னொரு தொழிற்சாலையில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பதா? அந்தப் பணத்தில் ஏற்காட்டில் ஒரு வாரம் இருந்து வரலாமே என்றோம். பையன் சிரித்தான். ஏற்காட்டை அவர்கள் இருமுறை பார்த்தாயிற்றாம்.

இத்தகைய விசித்திர விடுதிகள் இன்று உலகெங்கும் பெருகியிருக்கின்றன. சுவீடன் நாட்டின் வட கோடியில் யுக்காசார்வி என்னும் ஊரில், ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்தெடுத்து ஆண்டுதோறும் குளிர்காலத்தில் விடுதி கட்டுகிறார்கள். வசந்தத்தில் அது உருகி ஆற்றுக்கே திரும்பிவிடும். அமெரிக்காவில் கீ லார்கோ என்னுமிடத்தில், கடலடி ஆய்வுக்கென்று செய்த கூடமொன்று 1986 இல் விடுதியாயிற்று. விருந்தினர் நீரில் மூழ்கித்தான் தம் அறைக்குள் நுழைய வேண்டும். தெலங்கானா மாநிலத்தில் சங்காரெட்டியிலுள்ள பழைய சிறைச்சாலையில், 500 ரூபாய் செலுத்தி ஒரு நாள் கைதியாக இருந்து பார்க்கும் ஏற்பாடு 2016 இல் செய்யப்பட்டது. குற்றம் செய்யாமலே சிறைக்குப் போகக் கட்டணம்! சலிப்பு என்னும் நோய் மனிதனை எங்கெல்லாம் கொண்டு செல்கிறது என்றே அப்போது நினைத்தோம்.

அந்தத் தேயிலை விடுதி, நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். ஆங்கிலேயர் காலத்தில் அது ஹெதர்செட் தோட்டத்தின் தொழிற்சாலை. தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவை உயரமாக, பல தளங்களோடு, வரிசை வரிசையான சன்னல்களோடு கட்டப்பட்டவை. பறித்து வந்த பச்சைக் கொழுந்தை மேல் தளங்களில் பரப்பி, காற்றோட்டத்தில் பல மணி நேரம் வாட்டுவார்கள். ஈரம் பாதியளவு வற்றித் துவண்ட பிறகு, அதைக் கீழே இறக்கி உருளைகளில் கசக்கி, காற்றுப் பட வைத்து நிறம் மாறச் செய்து, சூடான காற்றில் உலர்த்தி, சல்லடைகளில் தரம் பிரிப்பார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஹெதர்செட் தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் பாழாய்க் கிடந்தது. எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனத்தார் அதன் தகரச் சுவர்களையும் சன்னல்களையும் தோற்றம் மாறாமல் காத்து, கொழுந்து வாட்டிய மேல் தளங்களை அறைகளாக்கி, 1996 இல் விடுதியாகத் திறந்தார்கள். ஹெரிட்டன்ஸ் டீ ஃபாக்டரி என்று இன்று அதற்குப் பெயர். பழைய எந்திரமும் பெரிய சக்கரங்களும் உள்ளே அப்படியே நிற்கின்றன. முற்றத்தில் பழைய ரயில் பெட்டியொன்று உணவுக்கூடமாக இருக்கிறது.

போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை மாலை, கணவர் அறைக்குள் போகாமல் அந்த எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். தொழிலாளியின் கண் அல்லவா? எண்ணெய் போடும் துளைகள் எங்கே, பட்டை எந்தப் பக்கம் ஓடியது என்று அரை மணி நேரம் மனைவிக்கு விளக்கினார். "இவர் செய்கிற வேலை என்னவென்று அன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது, சாமி" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலையில்தான் நாம் சொல்ல வந்த விஷயம் நடந்தது. விரும்பும் விருந்தினர், தோட்டப் பெண்களைப் போல உடுத்து, முதுகில் கூடை மாட்டி, விடுதியின் தேயிலைச் செடிகளில் தாங்களே கொழுந்து பறிக்கலாம். அதைச் சிறு எந்திரத்தில் பதப்படுத்திப் பொட்டலமாக்கிக் கையில் கொடுப்பார்கள். வெளிநாட்டவர் பலர் சிரித்த முகத்தோடு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் அம்மாளும் ஆசையோடு கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, "ஏங்க, ஒரு போட்டோ எடுங்க" என்று திரும்பினார். கணவர் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டார். முகம் வேறாகிவிட்டது. "அதைக் கழற்றிடு" என்றார். பிறகு ஒரு பேச்சும் இல்லை. வரப்பில் போய்த் தனியே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய தாய் கொழுந்து பறித்தவர். இது மனைவிக்குத் தெரியும். ஆனால் 'சிலோன்காரர் வீடு' என்று ஊரார் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் அவ்வீட்டில் பேசப்பட்டதில்லை.

வாசகர்களில் இளையோருக்கு இந்த வரலாறு தெரிந்திராது. சேலம், திருச்சி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற நம் ஏழை மக்களின் கைகளால் இலங்கையின் மலைத் தோட்டங்கள் உருவாயின. 1948 இல் அந்நாட்டில் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென்று 1974 இல் தீர்மானித்தார்கள். மக்களைப் பாகப்பிரிவினை செய்த கணக்கு இது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, முன்னோர் ஊர் என்று கேள்விப்பட்ட ஊரைத் தேடி வந்த குடும்பங்களில் ஒன்றே நம் நண்பரின் குடும்பம். 1974 இல் வந்தபோது அவருக்கு ஏழு வயது. தந்தையின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயராக மட்டும் கடலைக் கடந்தவர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தம் சொந்தப் பாஸ்போர்ட்டோடு திரும்பியிருக்கிறார்.

அன்று மாலை மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. வெளியே போக வழியில்லை. அறையில் சன்னலருகே இருவரும் உட்கார்ந்தார்கள். கணவர் தாமாகவே பேசத் தொடங்கினார். விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் தாய். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டு, படங்கு கட்டிக்கொண்டு மழையில் மலை ஏறும் தாய். மாலையில் அட்டை கடித்த கால்களோடு லயத்துக்குத் திரும்பும் தாய். குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போடுவார். அதாவது பாதி நாட்கூலி. காய்ச்சலாகக் கிடந்த இந்தப் பிள்ளையைப் பார்க்க ஒரு நாள் நடுவில் ஓடிவந்ததற்காக அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தது. அன்றிரவு அவள் அழுததைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்த நினைவு அவருக்கு இருக்கிறது. "அந்தக் கயிறு தலையில் அழுந்திய இடத்தில் எங்கம்மாவுக்கு முடியே இல்லை. நீ அதை மாட்டிக்கிட்டுச் சிரிச்சதும் என்னால தாங்க முடியல" என்றாராம்.

அம்மாள் மறுமொழியாகச் சொன்னதுதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தம் கைகளைக் கணவரின் முன் விரித்துக் காட்டியிருக்கிறார். ரோஜா முள் கீறிய கோடுகள் விரல்களெல்லாம். "பிப்ரவரி மாசம் காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்குப் பூ அனுப்ப நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியுமா? நான் வெட்டற பூவை வாங்கி யாரோ யாருக்கோ கொடுத்துச் சிரிக்கிறாங்க. அதுக்கு நான் என்னைக்காவது கோவிச்சுக்கிட்டேனா? நீங்களும் இந்தக் கையை என்னைக்காவது பார்த்தீங்களா?" கணவர் பார்த்ததில்லை. இருபத்தைந்து ஆண்டுகள். விளக்கை அணைக்கும்போது இரண்டு மணியாகிவிட்டதாம்.

ஞாயிறு காலை, புறப்படுவதற்கு முன், கூடையை மாட்டிக்கொண்டவர் கணவர்தாம். இருவரும் சேர்ந்து பறித்தார்கள். படம் எடுக்கவில்லை.

நாம் இதைக் கேட்டபின் பல நாள் யோசித்தோம். ஏழையின் உழைப்பைச் செல்வர்க்கு விளையாட்டாக விற்பது முறையா? மனத்தில் ஒரு முள் இருக்கத்தான் செய்கிறது. மலையில் இன்றும் நாட்கூலிக்காகப் போராடும் மக்கள் இருக்கையில் அந்த முள் எளிதில் வெளிவராது. அரைப்பேரின் கணக்கு எந்த விருந்தினருக்கும் பொட்டலத்தில் கிடைக்காது. ஆயினும் விடுதியாரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அந்தத் தகரச் சுவர்கள் துருப்பிடித்து விழுந்திருந்தால், நம் நண்பர் தம் தாயை எங்கே போய் நினைத்திருப்பார்? ஏற்காட்டுக்குப் போயிருந்தால் ஏரியில் படகு விட்டுவிட்டு வந்திருப்பார்கள். நம்முடைய யோசனை தவறாயிருந்தது; பையனின் விளையாட்டுப் புத்தியே சரியாயிற்று.

இதே வேளையில் நம் நினைவுக்கு வந்தவர் ஸ்பெயின் நாட்டுக் குரு காபிரியேல் கால்வோ. 1962 இல் பார்சலோனா நகரில் 28 தம்பதியரை ஒரு வார இறுதிக்கு ஒன்றுசேர்த்தார்; அவர்களில் பலர் தொழிலாளர் குடும்பத்தினர். பின்னாளில் உலகெங்கும் பரவிய தம்பதியர் சந்திப்பு இயக்கத்துக்கு அதுவே தொடக்கம். அதில் நடப்பது மிகவும் எளிது: ஒரு கேள்வியைக் கொடுத்து, கணவனும் மனைவியும் தனித்தனியே பத்து நிமிடம் எழுத வேண்டும், பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு பத்து நிமிடம் பேச வேண்டும். குருமடத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, இதற்கு எதற்கு ஓர் இயக்கம் என்று நினைத்தோம். ஃபிரிஜின் கதவில் ஒட்டிய காகிதங்களைப் பற்றி அப்போது நமக்குத் தெரியாது.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து அவர்கள் இருவரும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். அந்தத் தேயிலையில் மிஞ்சியதைக் காகிதத்தில் மடித்து நமக்கென்று கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பேர் ஒரு காலைப் பொழுதில் பறித்தது மொத்தமே ஒரு கைப்பிடிப் பொட்டலந்தானாம். அம்மாள் தாமே அடுக்களைக்குள் போய்ப் பால் சேர்க்காமல் மூன்று குவளையில் ஊற்றி வந்தார்.

"இந்த எடைக்கு உங்க அம்மா கணக்குல என்ன விழும்?" என்று கணவரைக் கேட்டார்.

"அரைப்பேர்கூட விழாது. பெரட்டுலேயே திருப்பி அனுப்பியிருப்பாங்க" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

அன்றிரவு அவருக்கு மறுபடியும் இரவு ஷிப்டு தொடக்கம். பகலில் சிறிது உறங்க வேண்டுமென்று குவளையை வைத்துவிட்டு எழுந்தார். தேநீர் நன்றாகவே இருந்தது. சற்றுத் துவர்ப்பு மட்டும் அதிகம்.